மூன்று தீபாவளி

சென்னைப் பட்டணத்துப் பிராட்வே கொட்டகையில் 1944ஆம் ஆண்டு தீபாவளியன்று ‘ஹரிதாஸ்’ என்னும் பேசும்படம் தொடங்கியது. ஓராண்டு சென்று மறு தீபாவளி வந்தது. வீடுகளில் புத்தாடை மாறியது; கொட்டகையின் வாயிலில் ஒட்டிய சுவரொட்டி மட்டும் மாறவில்லை. 1946ஆம் ஆண்டுத் தீபாவளி பிறந்தபோதும் அங்கே அப்படமே ஓடிக்கொண்டிருந்தது.

அந்நாளில் வேலைமுடிந்து மாலையில் அக்கொட்டகைக்குச் சென்றவர்கள் திரையில் கண்டது யாது? பெற்றோரை இகழ்ந்து, செல்வச் செருக்கில் திரிந்த ஓர் இளைஞன் கால்களை இழந்து தவிக்கின்றான். பின்பு அறிவு தெளிந்து, தாய்தந்தையர்க்குத் தொண்டு செய்து உய்கின்றான். அவ்விளைஞனாக நடித்தவர் எம். கே. தியாகராஜ பாகவதர். அவர் செருக்கோடு குதிரைமேல் வரும்போது மக்கள் கைதட்டினர். வீழ்ந்து புலம்பும்போது விம்மினர். இறுதியில் மனம் நிறைந்து வீடு திரும்பினர். பலர் மறுவாரமும் வந்தனர். ஆனால், அம்மூன்று தீபாவளிகளுள் முதலாவதை மட்டுமே பாகவதர் தம் வீட்டில் கொண்டாடினார். மற்றைய இரண்டும் அவருக்குச் சிறைச்சாலையில் கழிந்தன. திரையில் அவர் விடுதலை பெறும் காட்சியைக் கண்டு களித்த மக்கள், வெளியே வந்ததும் அவர் விடுதலை பெறுவாரா என்று ஒருவரையொருவர் வினவிக்கொண்டு நடந்தனர்.

பாகவதர் 1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுகூட நிறையவில்லை. அன்றுமுதல் இன்றுவரை அவரைப் பற்றி அவர் ரசிகர்கள் பேசிவந்த பேச்சில் இவ்விரண்டு கொட்டடிகளும் பிரியாமல் வரும்: ஒன்று ஆரவாரம் மிகுந்த படக்கொட்டகை, மற்றொன்று ஓசையடங்கிய சிறையறை.

மாயவரத்தில் 1910ஆம் ஆண்டு பொற்கொல்லர் குடியில் பிறந்தவர் அவர். குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்குச் செல்வதைவிடப் பஜனைக்குச் செல்வதில் சிறுவனுக்கு ஆவல் மிகுதி. தந்தையார் கண்டித்ததனால் வீட்டைவிட்டு ஓடிய அவன், பல நாள் கழித்துத் தொலைவிலுள்ள கடப்பையில் ஒரு கூட்டத்தின் நடுவே பாடிக்கொண்டிருக்கக் கண்டுபிடிக்கப்பட்டான் என்பர். மகனை அடிக்கச் சென்ற தந்தை, அங்கிருந்தோர் அப்பாட்டில் மயங்கி நின்ற நிலையைக் கண்டு கையைத் தாழ்த்திக்கொண்டாராம். திருச்சியில் இரயில்வே அதிகாரியாக விளங்கியவரும் ரசிக ரஞ்சனி சபையைத் தோற்றுவித்தவருமான எஃப். ஜி. நடேச ஐயர் அச்சிறுவனின் குரலைக் கேட்டு, அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். பின்னர் ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடம் முறையாக இசைப்பயிற்சி நடந்தது.

அக்காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லை. தரையில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்திருக்கும் கடைசி வரிசைக்காரனும் கட்டணம் கொடுத்தே வந்திருக்கின்றான். அவன் காதுக்கும் ஒவ்வொரு சொல்லும் எட்டவேண்டும். ஆகவே நடிகர்கள் உயர்ந்த சுருதியில் பாடினர். உயர்ந்த சுருதியிலும் குரல் பிளவுபடாமல், சொல் சிதையாமல் பாடவல்லவரே நிலைத்தனர். பாகவதரின் குரலைப் பற்றிப் பேசுவோர் அதன் இனிமையை மட்டும் புகழ்வர். இனிமையினும் அரியது, அவர் பாட்டில் சொற்கள் தெளிவாகக் கேட்டமையே. எழுத்தறியாத மக்களும் அவர் பாடல்களை ஒருமுறை கேட்டுவிட்டுப் பிழையின்றிப் பாடினர். பாபநாசம் சிவன் இயற்றிய பாடல்கள் சபைகளில் கூடியவர்களைக் கடந்து வண்டிக்காரர், நெசவாளர், நீர் இறைப்போர் ஆகியோர் வாயிலும் வழங்கியதற்கு இத்தெளிவே காரணம் எனலாம்.

அவர் நடித்த ‘பவளக்கொடி’ நாடகம் 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் பேசும்படமாயிற்று. அப்படத்தில் பாட்டுக்கள் ஐம்பதுக்கு மேல். அக்காலப் படப்பிடிப்பு இக்காலத்தார்க்கு வியப்பைத் தரும். பாட்டைத் தனியே பதிவுசெய்து பின்னர் வாயசைக்கும் வழக்கம் அப்போது இல்லை. நடிகரே படக்கருவியின்முன் நின்று பாடவேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் கருவியின் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒளிந்து வாசிப்பர். வெளிச்சத்திற்குக் கதிரவனே துணை. பாட்டின் நடுவே காகம் ஒன்று கரைந்துவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்தி மீண்டும் தொடங்கவேண்டும். காகங்களை விரட்டுவதற்கென்றே துப்பாக்கியுடன் ஓர் ஆளை அமர்த்தினார்களாம்! அத்தகைய இடர்களுக்கிடையே பதிவான குரல்தான் ஊர்தோறும் சென்று ஒலித்தது.

1937இல் வந்த ‘சிந்தாமணி’ அவரை எங்கும் அறியச் செய்தது. மதுரையில் அப்படத்தினால் கிடைத்த பொருளைக்கொண்டே படமுதலாளிகள் ஒரு கொட்டகை கட்டி, அதற்குச் ‘சிந்தாமணி’ என்றே பெயரிட்டனர். அதே ஆண்டில் ‘அம்பிகாபதி’. அடுத்து ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’. தோளளவு தொங்கிய அவருடைய முடியைக் கண்டு இளைஞர்கள் தாமும் அவ்வாறே வளர்த்தனர். ‘பாகவதர் கிராப்பு’ என்று அதற்குப் பெயரும் ஏற்பட்டது. பட்டு ஜிப்பாவும் காதிலே வைரக் கடுக்கனும் நெற்றியில் சவ்வாதுப் பொட்டும் அணிந்து அவர் கச்சேரிக்கு வருவார். அவர் செல்லும் இரயில் எந்நேரம் வரும் என்று அறிந்து நிலையங்களில் கூடியவர் பலர். பந்தலில் இடம் கிடைக்காதவர் மரக்கிளைகளில் ஏறி அமர்ந்தனர். போர்க்காலத்தில் அவர் நிதி திரட்டுவதற்காகப் பல ஊர்களில் பாடினார். அவர் பெயரைச் சொன்னால் பணம் சேரும் என்பதை அரசாங்கமும் அறிந்திருந்தது.

இத்துணைப் புகழின் உச்சியில்தான், ‘ஹரிதாஸ்’ தொடங்கிய மூன்றாவது மாதத்தில், அவர் கைது செய்யப்பட்டார். பிறருடைய அந்தரங்க வாழ்வைத் தூற்றி எழுதும் இதழ் ஒன்றை நடத்திவந்த லட்சுமிகாந்தன் என்பவர் 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அக்கொலைக்குச் சதிசெய்ததாகப் பாகவதர்மீதும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன் மீதும், வேறு சிலர்மீதும் குற்றம் சாட்டப்பட்டது. 1945இல் அவ்விரு நடிகர்க்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் பயன்தரவில்லை. வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில்வரை சென்று, அங்கிருந்து மறு ஆய்வுக்கு மீண்டது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் சிறையில் கழிந்துவிட்டது.

சட்டம் குற்றமில்லை என்றது. காலம் அவ்வளவு எளிதாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவருக்கென்று பேசிவைத்த படங்களிலே வேறு பாடகர்கள் நடித்துவிட்டனர். ‘உதயணன் வாசவதத்தா’ படத்தில் அவருக்குரிய இடம் சங்கீத வித்துவான் ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்குச் சென்றது. வெளிவந்தபின் பாகவதர் புனா நகரில் ‘ராஜமுக்தி’யை எடுத்தார். (அப்படத்துக்கு உரையாடல் எழுதச் சென்ற புதுமைப்பித்தன் அங்கே காசநோய் முற்றி, 1948இல் மறைந்தார். தமிழுக்கு அப்படத்தினால் நேர்ந்த இழப்பு அதன் முதலாளிக்கு நேர்ந்த இழப்பினும் பெரிது.) 1948இல் வெளிவந்த ‘ராஜமுக்தி’ ஓடவில்லை. 1952இல் ‘அமரகவி’, ‘சியாமளா’ என இரண்டு படங்கள் வந்தன. அவையும் பழைய ஆரவாரத்தை எழுப்பவில்லை. அதே ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’யைக் காணவே கொட்டகைகளில் கூட்டம் நெரிந்தது. பாட்டைக் கேட்க வந்த காலம் போய், வசனத்தைக் கேட்க வரும் காலம் பிறந்துவிட்டது.

இவ்விடத்தில் பாகவதரின் பழைய ரசிகர்கள் சற்றுத் தயங்குவர். பவளக்கொடியை எத்தனை முறை பார்த்தோம், எந்தக் கச்சேரிக்கு எத்தனை கல் நடந்தோம் என்பதையெல்லாம் சொல்லிவந்தவர்கள், ‘அமரகவி’யை எத்தனை முறை கண்டீர்கள் என்று கேட்டால் விடை கூறாமல் பேச்சை மாற்றிவிடுவர். அவர்கள் நன்றி மறந்தவர்களா? அப்படிச் சொல்வது நேர்மையாகாது. 1934இல் பதினைந்து வயதினனாகப் படம் பார்க்க ஓடியவன், 1952இல் முப்பத்து மூன்று வயதுக் குடும்பத் தலைவன். அரிசிக்கும் துணிக்கும் பங்கீட்டு அட்டையோடு நின்ற ஆண்டுகள் இடையிலே கடந்திருந்தன. அவன் கையிலிருந்த காசைக்கொண்டு எந்தப் படத்துக்குப் போவது என்பதை அவனுடைய தம்பியும் மைத்துனனும் முடிவு செய்தனர். அவர்கள் கேட்டு வளர்ந்த குரல் வேறு. ஆயினும் அவன் உள்ளம் அவ்விடை கொண்டு ஆறவில்லை. ‘ஒருமுறையேனும் போயிருக்கலாமே’ என்று பிற்காலத்தில் அவனே சொல்லிக்கொண்டான்.

உடன் சிறைசென்ற என். எஸ். கிருஷ்ணன் மீண்டும் எழுந்தார். ‘நல்லதம்பி’ போன்ற படங்களால் முன்னினும் மக்கள் மதிப்பைப் பெற்றார். நகைச்சுவை காலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். பாகவதரோ தம் பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள இயலவில்லையா, மாற்றிக்கொள்ள விரும்பவில்லையா? இரண்டும் இருக்கலாம். பிறர் பாட, நடிகர் வாயசைக்கும் முறை நிலைபெற்றுவிட்ட பின்பும், பாடுபவனே நடிகன் என்ற பழைய மரபில் அவர் நின்றார். திரை அவரைக் கைவிட்டதே யொழிய மேடை கைவிடவில்லை. கோயில் விழாக்களிலும் திருமண வீடுகளிலும் அவர் பாடிக்கொண்டே இருந்தார். நீரிழிவு நோய் உடலை வாட்டிக் கண்ணொளியையும் மங்கச் செய்தது. 1959 அக்டோபரில், மறைவதற்குச் சில நாள்களுக்கு முன்புகூட, அவர் பொள்ளாச்சியில் பாடினார்.

‘அசோக்குமார்’ படத்தில் கண்ணிழந்த இளவரசன் குணாளனாக நடித்தவர் அவர். பார்வையற்ற குணாளன் வீதியிற் பாடிச்செல்லும் காட்சியைக் கண்டு அழுதவர்கள், பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய நிலையைக் கேள்வியுற்றபோது அக்காட்சியையே நினைத்தனர். கதைக்கும் வாழ்வுக்கும் இத்தகைய ஒப்புமை நேரும்போது மக்கள் மனம் அதை விடுவதேயில்லை.

அவருடைய உடல் சென்னையிலிருந்து திருச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மக்கள் திரண்டனர். அவர் படம் ஓடாத கொட்டகைகளுக்குப் போகாதிருந்தவர்கள், அவர் இறுதி ஊர்வலத்துக்குப் போகாமல் இருக்கவில்லை. சங்கிலியாண்டபுரத்தில் அவர் துயில்கொள்ளும் இடத்தைச் சுற்றி நின்றவர்களுள் எத்தனை பேர் துயரத்தால் அழுதனர், எத்தனை பேர் குறுகுறுத்த நெஞ்சால் அழுதனர் என்று பிரித்தறிதல் இயலாது. அழுதவர்க்கே அது விளங்கியிராது. அவர் நடித்த ‘சிவகாமி’ மறு ஆண்டில் வெளிவந்தது. அதைக் காண அவரும் இல்லை, பெருங்கூட்டமும் இல்லை.

பின்னர்த் தொடங்கியது நினைவின் வேலை. நினைவு, தான் விரும்பிய இடத்தில் விளக்கை உயர்த்தும். விரும்பாத இடத்தில் தாழ்த்தும். பாகவதர் தங்கத் தட்டில் உண்டார் என்று கூறுவர். அக்கதைக்கு மறுமுனையில் மற்றொரு கதை: கடைசிக் காலத்தில் ஒரு கோயில் வாயிலில் அமர்ந்திருந்தவரை யாரோ இரவலர் என்று எண்ணிக் காசு இட்டுச் சென்றனர் என்பது. இவ்விரண்டையும் சொல்லிச் சொல்லி, ஒரு மனிதரின் வாழ்வைப் பொன்னும் சாம்பலும் ஆகிய இரண்டே நிறத்தில் தீட்டிவிட்டனர். கேட்போர்க்கு அது சுவையாக இருக்கும். ‘புகழ் நிலையாது’ என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறவும் உதவும். ஆனால் அவருக்கு அது நியாயமா? பொன்னுக்கும் சாம்பலுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. அவ்வாண்டுகளில் அவர் இரவலராகத் திரியவில்லை. தம்புராவைச் சுருதி கூட்டி, கேட்க வந்தவர் நூறாயினும் ஆயிரமாயினும் முழுக்குரலில் பாடினார். படங்கள் தோற்ற பின்னும் தொழிலை விடாத அந்தப் பாகவதரைப் பற்றி நினைவு மிகக் குறைவாகவே பேசுகின்றது. ஏனெனில் அவரைப் பற்றிப் பேசினால், அப்போது தாங்கள் எங்கே இருந்தோம் என்ற வினா எழும். தங்கத் தட்டைப் பற்றிப் பேசும்போது அவ்வினா எழுவதில்லை.

எழுத்தாளர் விந்தன் பாகவதரின் வரலாற்றை நூலாக எழுதினார். திருச்சியில் அவருக்கு அரசு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. பல எரிந்தன, பல மக்கிப்போயின, சில வெள்ளிக்காக உருக்கப்பட்டன. அவர் நடித்த பதினான்கு படங்களுள் ‘ஹரிதாஸ்’ எஞ்சியிருப்பது ஒரு பேறு. படம் அழிந்தாலும் பாட்டு அழியாமைக்கு இசைத்தட்டுக்களே காரணம். ஒரு பக்கத்தில் மூன்று மணித்துளி அளவே பாடக்கூடிய கறுப்புத் தட்டுக்கள் அவை. மேடையில் அரைமணி நேரம் விரித்துப் பாடியதை அவ்வளவுக்குள் அடக்கிப் பாடவேண்டும். அவ்வாறு அடக்கியதனாலேயே ஒவ்வொரு பாட்டும் வித்துப்போல் செறிந்து நின்றது. அத்தட்டுக்களிலிருந்து ஒலிநாடாவுக்கும், அதிலிருந்து இக்காலக் கருவிகளுக்கும் அக்குரல் இடம்பெயர்ந்தது. எத்தனை முறை பெயர்த்தாலும் பழைய ஊசியின் கரகரப்பு மட்டும் கூடவே வருகின்றது.

அவரை மேடையில் நேரே கண்டவர்கள் இன்று மிகச் சிலரே இருத்தல் கூடும். இருப்பவரும் முதிர்ந்த வயதினர். அத்தகைய முதியவர் இருக்கும் வீட்டில், பேரன் தன் கைப்பேசியில் பாகவதரின் பாட்டொன்றைத் தேடி எடுத்து, அவர் காதருகே வைக்கின்றான் என்று கொள்வோம். முதலில் கரகரவென்ற ஓசை. பிறகு ஆர்மோனியம். பாட்டு எடுப்பதற்கு முன்பே முதியவரின் விரல்கள் கட்டிலின் சட்டத்தில் தாளமிடத் தொடங்கிவிடுகின்றன. “இது எந்தப் படம், தாத்தா?” என்று பேரன் வினவுகின்றான். அவர் கையை உயர்த்தி, பேசாதே என்று குறிப்புக் காட்டுகின்றார். மூன்று மணித்துளிக்குப் பாட்டு முடிந்துவிடுகின்றது.

“இன்னொரு தரம் வை,” என்கின்றார்.